கணுக்காலும் நானூறு ரூபாய் ஜெல் பேக்கும்

போன வாரம் எங்கள் கணியூர்த் தெருவில், பனியன் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கால் மடங்கிவிட்டது. ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட்டு. நாள் முழுக்கப் பெடலை மிதிக்கிற கால் அது. வீட்டில் உட்கார்ந்தால் சனிக்கிழமை சம்பளம் இல்லை.

அண்ணன்காரன் மருந்துக்கடைக்கு ஓடி, நானூறு ரூபாய்க்கு ஜெல் பேக்கும் ஸ்ப்ரேயும் வாங்கி வந்தான். "சார், இப்பெல்லாம் இதுதானுங்க" என்றான்.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் வாயை மூடிக்கொண்டா இருப்பேன்?

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைக் காலிலிருந்துதான் உறிஞ்சும். உருகி முடியும்வரை பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். ஜெல் பேக் ஃப்ரீசரிலும் மெத்தென்று வளைய வேண்டும் என்பதற்காகவே, முழுதாக உறையாதபடி செய்யப்படுவது. உருகுவதற்கு அதில் சரக்கு குறைவு. எடுத்தவுடன் மைனஸ் 18-ல் தோலைப் பொசுக்கும். கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். என் மனைவியின் காலில் கொப்புளம் வந்தது அப்படித்தான். ஸ்ப்ரேயைக் கேட்கவே வேண்டாம். தோல் மட்டும் ஒரு நிமிடம் ஜில்லிடும், உள்ளே தசைநாருக்குச் சேதியே போகாது.

வாளி ஐஸ் தண்ணீர் கணுக்காலைச் சுற்றிலும் நன்றாகக் குளிர்விக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும்.

தேங்காய்ப்பூத் துண்டை நனைத்துப் பிழிந்து, உடைத்த ஐஸைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுற்றுங்கள். காலைத் தலையணைமேல் வையுங்கள். பதினைந்து நிமிடம் போதும். கணுக்காலில் கொழுப்பு குறைவு, குளிர் சீக்கிரம் இறங்கிவிடும். சர்க்கரையால் மரத்த கால் என்றால் இதுவும் கூடாது.

"ஐஸே தப்புன்னு யூட்யூப்ல சொல்றாங்களே சார்?" என்றான். சொல்கிறார்கள்தான். 1978-ல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்று எழுதிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியைத்தான் அடக்கும். அதற்கு எதற்கடா நானூறு ரூபாய்?

கனடாவில் 1992-ல் வகுத்த ஒட்டாவா விதி ஒன்று உண்டு: அடிபட்ட பிறகு நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடு. "நடந்து பாரு கண்ணு" என்றேன். இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்துவிட்டாள்.

உடுமலைக்குப் போகச் சொன்னேன். ஆட்டோவுக்குக் காசில்லாமல் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.