பங்குனி உத்திரத்துல பொறந்தா பேரு டேஷ்விகாவா?

மக்களே, காரசாரமா ஒண்ணு எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு வயித்தெரிச்சல், எழுதியே ஆகணும்.

என் தங்கச்சிக்குப் பங்குனி உத்திரத்தன்னிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பண்டிகை நாள்ல பொறந்தவளாச்சே, அதுக்கேத்த மாதிரி தெய்வீகமா, ஆனா மாடர்னா ஒரு பேரு வேணும்னு மாப்பிள்ளை பெங்களூர் வரைக்கும் போய் ஒரு நியூமராலஜிக்காரர்கிட்ட காசைக் கொட்டிட்டு வந்தார். கிடைச்ச பேரு: டேஷ்விகா.

எங்கம்மா ஒரே கேள்விதான் கேட்டா. "பொட்டப்புள்ளய டேய்னா கூப்பிடறது?"

விஷயம் என்னன்னா, உத்திர நட்சத்திரத்துக்கு ஜோசியக்காரங்க சொல்ற எழுத்து நாலு: டே, டோ, பா, பீ. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காதுன்னு தொல்காப்பியத்துலயே முடிவாகிடுச்சு. ஆக மிச்சம் பா, பீ. (பீ வேணாம், விட்டுடலாம் :-)) பா-ன்னு ஆரம்பிச்சா முதல்ல வந்து நிக்கிற பேரு பார்வதி. பங்குனி உத்திரம் யாரோட கல்யாண நாளு? சிவனுக்கும் பார்வதிக்கும்தானே? எழுத்தும் பொருந்துது, பண்டிகையும் பொருந்துது, அஞ்சு பைசா செலவில்ல.

மாப்பிள்ளை ஒத்துக்கல. "மச்சான், பார்வதின்னா கிழவி பேருன்னு ஸ்கூல்ல சிரிப்பாங்க." சரி, மலைக்கோயில்ல சந்திரசூடேஸ்வரரோட இருக்கிற மரகதாம்பாள் பேரை வைங்கன்னு அம்மா இறங்கி வந்தா. அதுவும் வேணாமாம். உடனே தனித்தமிழ் நண்பர்கள் "மரகதமே தமிழ் இல்லையே"ன்னு வருவீங்க. தெரியும் சாமி, கிரேக்க ஸ்மராக்டோஸ் வரைக்கும் அதுக்குச் சொந்தபந்தம் உண்டு. இருக்கட்டுமே. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் ஒரு கொள்கைக்காக. டேஷ்விகாவுக்குப் பின்னாடி என்ன கொள்கை இருக்கு? கூட்டுத்தொகை!

எனக்கு வடமொழி மேல கோபமில்ல. எங்க ஓசூர்ல பேரு வைக்கிறதுல ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரே தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசற ஊரு. முனியப்பா, எல்லப்பா, வெங்கடம்மா, சந்திரப்பா... மூணு பாஷைக்காரங்களும் நாக்கு சுளுக்காம கூப்பிடற பேருங்க. அம்மாவோட அப்பா பேரு சந்திரப்பா. தேர்பேட்டையில தேர் வடம் பிடிக்கிறப்பவும் அதே பேரு, உகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டுவர்ற தெலுங்கு வீட்டம்மா கூப்பிடறப்பவும் அதே பேரு. ஓட்டர் லிஸ்ட்ல எந்தப் புண்ணியவானோ ஒரு 'ன்' போட்டு சந்திரப்பன் ஆக்கினார். வீட்ல யாரும் கண்டுக்கல. அப்புறம் சிப்காட் வந்தது, டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் வந்தது, 2019-ல மாநகராட்சியும் ஆயாச்சு. இப்ப வைக்கிற பேருங்க மூணு பாஷையில எதுக்குமே சொந்தமில்ல.

"ரொம்பப் பேசறியே, உன் பையன் பேரு என்ன?"ன்னு கேப்பீங்க. ரித்விக். 2009-ல வச்சேன். புத்தகக் கடையில வாங்கின பேர்ப் பட்டியல்ல இருந்து நானே பொறுக்கினது. அம்மாவுக்கு அது வாய்ல நுழையவே இல்ல. ரித்து, ருத்துன்னு ரெண்டு வருஷம் தடுமாறிட்டு, கடைசியில தன் அப்பா பேரைச் சுருக்கி 'சந்துரு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. வேற யார் அப்படிக் கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டான். அவளுக்கு மட்டும் திரும்புவான். இத்தனை வருஷத்துல சொந்தப் பேரனை அவன் பேரைச் சொல்லி அவ கூப்பிட்டதே இல்ல. அதுக்குக் காரணம் நான்தான். அந்தக் கடுப்புலதான் இவ்வளவும் எழுதறேன்.

இன்னும் டைம் இருக்கு. பேரு இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாசத்துக்குள்ள கட்டணமில்லாம பேரைச் சேர்க்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-லிருந்து பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்கன்னு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழைத்தான் கேப்பாங்க. அதனால அதுல ஏறுற பேருதான் பேரு.

அடுத்த வாரம் தொட்டில் போடறாங்க. ஃப்ளெக்ஸ்ல டேஷ்விகான்னு அடிச்சு வந்துடுச்சு. பேரு சேர்க்கிற விண்ணப்பம் மட்டும் தங்கச்சிகிட்ட இருக்கு. இன்னும் அவ கையெழுத்து போடல.