பதப்பட்ட செல்வம்

தோழனே!

சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறி, மயிர் நீங்கி, பட்டைச் சாற்றிலே பதம் பெற்ற பிறகுதான் பச்சைத் தோல் பயன்படு பொருளாகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் உனக்கு இதனை நான் சொல்ல வேண்டுவதில்லை. பதப்படாத தோல் நாறும்! செல்வமும் அத்தகையதே. பொதுத்தொண்டிலே பதப்படாத செல்வம் அரசியலுக்கு வருமானால், நாடே மூக்கைப் பொத்திக்கொள்ள நேரிடும்.

வணிகர் அரசியலுக்கே வரலாகாது என்பதா நம் வாதம்? அன்று! பிட்டி தியாகராயரை எண்ணிப் பார். 1852-இல் பிறந்தவர். நெசவுத் தறிகள், தோல் பதனிடும் தொழில், உப்பளம், சுண்ணாம்புக் காளவாய் எனப் பல தொழில் கண்ட குடும்பம். கல்லாப் பெட்டியும் கணக்கேடும் போதுமென்று இருந்திருக்கலாம். இருந்தாரா? சென்னை மாநகராட்சியிலே பல்லாண்டு உழைத்தார்; அதன் தலைவருமானார். ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைச் சிறாருக்கு நண்பகல் உணவளிக்க 1920-இல் வழிகண்டது அவர் தலைமையேற்ற மாநகராட்சி. டாக்டர் நாயர், டாக்டர் நடேசனார் ஆகியோருடன் 1916-இல் அவர் கண்ட இயக்கமே நீதிக்கட்சி.

1920 தேர்தலிலே கட்சி வென்றது. ஆட்சியமைக்க ஆளுநர் வில்லிங்டன் அழைத்தார். அரியணை வாயிற்படி வரை வந்து நின்றது! தியாகராயர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு முதலமைச்சரானார். தேடிவந்த பதவியைத் தள்ளிய கை, வாணிபம் செய்த கைதான்!

கடல்கடந்தும் காண்கிறோம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற மளிகைக்கடைக் குடும்பத்திலே பிறந்த டேவிட் செயின்ஸ்பரி, 1998 முதல் 2006 வரை அறிவியல் அமைச்சராக ஊதியமின்றிப் பணியாற்றினார். தம் பங்குகளைப் பிறர் பொறுப்பிலே ஒப்படைத்துவிட்டார். கடை வேறு, கடமை வேறு!

இங்கோ? தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கிலே, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென 1996-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. 2019 ஏப்ரலிலே, பணப் பறிமுதலை அடுத்து, வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாயிற்று, ஆகஸ்டிலேதான் வாக்களித்தோம். ஆறும் கெட்டு, அறமும் கெட்டால், எஞ்சுவது யாது?

ஆகவே தோழனே, செல்வர் எவர் வாக்குக் கேட்டு வந்தாலும், எந்தக் கட்சிக்காரராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், கேள்: கொண்டுவந்தது எவ்வளவு என்றல்ல, விட்டுவந்தது எது என்று! உம் தொழிலுக்கும் பாலாற்றுக்கும் வழக்கு வந்தால் எந்தப் பக்கம் நிற்பீர் என்று!

மண்டியிலே தோலை விரித்து, புரட்டி, வெட்டும் துளையும் பார்த்த பிறகல்லவா விலை பேசுகிறாய்? வேட்பாளரையும் அவ்வாறே பார். ஒரே ஒரு வேறுபாடு: அங்கே விலை பேசு, இங்கே விலை போகாதே!