தகரச் சீட்டும் மின் அட்டையும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் பாதையின் இரு மருங்கிலும் தேயிலை பச்சைப் பசேலெனப் படர்ந்து கிடக்கிறது. காண்போர் கண்ணுக்கு அது அழகு. கொழுந்து பறிப்போர் கைக்கு அது கணக்கு. காலை, நண்பகல், மாலை என அவர்தம் உழைப்பு தராசில் ஏறி இறங்குகிறது. தராசு காட்டும் நிறையே அன்றைய நாளின் பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தீர்மானிக்கிறது.

அத்தராசு இப்போது மாறி வருகிறது. இலங்கையின் பெருந்தோட்டக் கம்பெனிகள் சில மின் தராசையும் அடையாள அட்டையையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவந்துள்ளன. ஆர்.எப்.ஐ.டி. எனப்படும் ரேடியோ அலைவழி அடையாள முறை இதுவே. அட்டையினுள்ளே சிறு சில்லும் கம்பிச் சுருளும் இருக்கின்றன; மின்கலம் இல்லை. தராசோடு இணைந்த கருவி எழுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, அட்டை தன் எண்ணைத் தெரிவிக்கிறது. தொழிலாளியின் எண்ணும் கொழுந்தின் நிறையும் ஒருங்கே பதிவாகின்றன. கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு அங்கே வேலையில்லை.

இம்முறையை நாம் எதிர்க்கின்றோமா? இல்லை. பென்சிலால் எழுதிய கணக்கில் எமது மக்கள் இழந்தது கொஞ்சமன்று. பிழையாக எழுதியதும், ஒருத்தியின் நிறையை இன்னொருத்தியின் பேரில் ஏற்றியதும், எழுதாமலே விட்டதும் தோட்டங்களில் எல்லோரும் அறிந்த கதை. அவற்றை ஒழிக்கும் கருவியை வரவேற்பதே அறிவுடைமை. எமது கேள்வி வேறு: இக்கருவி யாருடைய கையில் இருக்கிறது? யாருடைய கண்ணுக்குத் தெரிகிறது?

அண்மையில் எம்மிடம் வந்த ஒரு தாய் கூறினார்: “ஐயா, மெசின் பொய் சொல்லாதுன்னு சொல்றாங்க. மெசின் பொய் சொல்லல. ஆனா சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோன்னு அதுக்குப் பிறகுதானே கழிக்கிறாங்க.” சட்டம் படித்த நாம் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அவர் மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். ஒரு நிறுவைக்கு ஒரு கிலோ கழிந்தால் மூன்று நிறுவைக்கு மூன்று கிலோ. இருபத்தைந்து நாளில் எழுபத்தைந்து கிலோ. தராசு எத்துணைத் துல்லியமாயினும், கழிவு மனிதன் மனம்போல நடக்குமாயின் பயன் யாது?

சம்பளம் கொழுந்தின் நிறையோடு பிணைந்திருப்பதால் இதன் பாரதூரம் பெரிது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அதன்பின் கொழுந்து இலக்கு உயர்த்தப்பட்டதென்று பல தோட்டங்களிலிருந்தும் முறைப்பாடு எழுந்தது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வர்த்தமானியில் ஏறிய சம்பளம் தராசடியில் இறங்கிவிடலாகாது.

பழைய வரலாறு ஒன்றையும் நினைவூட்டுகின்றோம். தமிழகத்திலிருந்து எமது முன்னோர் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 1901ஆம் ஆண்டளவில் தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லையோடு அவர்கள் மலையேறினர். வழியில் ஆள் தவறாமல் சேர்வதற்கும், பயணச் செலவை உரிய தோட்டத்தின் கணக்கில் ஏற்றுவதற்கும் அது உதவியது. கடனைக் காட்டித் தொழிலாளியைக் கைமாற்றிய ‘துண்டு’ முறையோ 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்படும் வரை நீடித்தது. எண் என்றும் தொழிலாளியின் மேல் இருந்தது. ஏடு என்றும் துரையின் மேசையில் இருந்தது. இன்றைய அட்டையும் அவ்வாறே ஆகிவிடுமோ என்பதுதான் எமது ஐயம்.

இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், பூனாகலைக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. உள்ளே அகப்பட்டோர் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கு உடனே கிடைக்கவில்லை. நாளுக்கொரு தொகை சொல்லப்பட்டது. கொழுந்தைக் கிராம் வரையில் எண்ணத் தெரிந்த நிர்வாகம், மக்களையும் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவைகளுக்கும் நிறுவைகளுக்கும் நியமம் வகுத்துள்ளது. அதே ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கணினிப் பதிவைச் சாட்சியமாக ஏற்கிறது. அப்பதிவைப் பரிசோதிக்க மறுதரப்பு கோரவும் இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் பிழை திருத்தக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை எழுதிவைத்தது. ஆனால் வழக்காடி வெல்வதற்கு ஆண்டுகள் செல்லும். அரிசி வாங்குவதற்கு இன்றே காசு வேண்டும். ஆகவே தராசு வரும்போதே ஒப்பந்தமும் வரவேண்டும்.

எமது கோரிக்கைகள் இவை. முதலாவது, நிறை காட்டும் முகப்பு தொழிலாளியின் பக்கமும் இருக்கவேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் அச்சிட்ட சீட்டு அவர் கையில் சேரவேண்டும். கெனியாவில் சிறு தேயிலை விவசாயிகளிடம் கொழுந்து வாங்கும் நிலையங்களில் மின் தராசும் அச்சுச் சீட்டும் நடைமுறைக்கு வந்துள்ளன. அங்கே இயல்வது இங்கே ஏன் இயலாது? இரண்டாவது, வெறும் சாக்கை நிறுத்தே அதன் எடை கழிக்கப்படவேண்டும். ஈரக் கழிவு எவ்வளவென்று எழுதி ஒட்டப்படவேண்டும். மூன்றாவது, தொழிலாளர் பிரதிநிதிகள் முன்னிலையில் தராசு மாதந்தோறும் சோதிக்கப்படவேண்டும். நான்காவது, அட்டை நிறைக்கும் சம்பளத்துக்கும் மட்டுமே பயன்படவேண்டும். யார் எங்கே நின்றார், எத்தனை நிமிடம் இளைப்பாறினார் என வேவு பார்க்கும் கருவியாதல் கூடாது. ஐந்தாவது, அட்டை தொலைந்தாலும் கருவி பழுதானாலும் அன்றைய பேர் வெட்டப்படலாகாது.

ஊவாவின் சிறுதோட்ட விவசாயிகளுக்கும் ஒரு சொல். தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் நீங்களும் இதே தராசின் முன்னேதான் நிற்கின்றீர்கள். தொழிலாளியின் கையில் இன்று சேரும் சீட்டு நாளை உங்கள் கையிலும் சேரும்.

தொழிற்சங்கங்கள் கொடியின் நிறம் பாராது இவ்விடயத்தில் ஒன்றுகூடவேண்டும். தோட்டந்தோறும் எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் தராசுக் கணக்கைப் பயின்று, மாதச் சம்பளச் சீட்டோடு நாட்சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பணியை ஏற்கவேண்டும். வழக்கறிஞர்களாகிய நாம் அவர்களுக்குத் துணை நிற்போம். பூனாகலையிலிருந்தே இதைத் தொடங்குவோம்.