யாரோட ஒப்பிட்டீங்க?

1/ "எங்க ஆலைத் தொழிலாளர்களுக்குப் பொதுமக்களை விட கேன்சர் அதிகம் இல்லை." இப்படி ஒரு அறிக்கை வந்தா உடனே நம்பிடாதீங்க மக்களே. முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: யாரோட ஒப்பிட்டீங்க?

2/ ஆலை வேலைக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் பார்த்துத்தான் ஆள் எடுப்பாங்க. மூச்சு வாங்குறவர், இதய நோயாளி, படுத்த படுக்கையா இருக்கிறவர் யாரும் உள்ளே போக முடியாது. 'பொதுமக்கள்' கணக்குல இவங்க எல்லாரும் இருக்காங்க. அப்புறம் தொழிலாளி ஆரோக்கியமாத்தானே தெரிவார்? இதுக்குப் பேரே 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு'.

3/ கேன்சர்ல இந்த விளைவு கொஞ்சம் குறைவுதான். 20 வருஷம் கழிச்சு வரப்போறதை ஃபிட்னஸ் டெஸ்ட்ல பிடிக்க முடியாதே! ஆனா மறைக்க இன்னொரு வழி இருக்கு. புகையில நிக்கிறவரையும் ஆபீஸ்ல கணக்கு எழுதுறவரையும் ஒரே பட்டியல்ல போட்டு சராசரி எடுத்தா போதும். பாலில் தண்ணி கலந்த மாதிரி ஆயிடும்.

4/ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதி. 1953-ல் அங்கே ஸ்டீல் ஆலைகளில் இருந்த சுமார் 59,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்தாங்க. மொத்தமா பார்த்தா இறப்பு விகிதம் பொதுமக்களை விடக் குறைவு. அதோட நிறுத்தியிருந்தா ஸ்டீல் வேலை உடம்புக்கு நல்லதுன்னே சொல்லியிருக்கலாம்.

5/ ஆய்வாளர் வில்லியம் லாய்ட் அங்கே நிறுத்தலை. நிலக்கரியைச் சுட்டு கோக் எடுக்கிற உலையில் வேலை பார்த்தவங்களை, மற்ற ஸ்டீல் தொழிலாளர்களோட ஒப்பிட்டார். 1971-ல் வந்த முடிவு: நுரையீரல் கேன்சர் மரணம் சுமார் 2.5 மடங்கு. உலைக்கு மேலேயே 5 வருஷத்துக்கு மேல் முழுநேரமா நின்னவங்களுக்கு சுமார் 10 மடங்கு! அந்த இடத்துல அதிகமா நிறுத்தப்பட்டவங்க கறுப்பினத் தொழிலாளர்கள்.

6/ "சிகரெட் பிடிச்சிருப்பாங்க டாக்டர்"னு பதில் ரெடியா வரும். சரி, பக்கத்துப் பிரிவுல இருந்தவர் மட்டும் பிடிக்காமலா இருந்தார்? சிகரெட் ரெண்டு பக்கமும் இருந்தது. உலைப்புகை ஒரு பக்கம்தான் இருந்தது.

7/ 1976-ல் அமெரிக்க அரசு கோக் உலைப் புகைக்குன்னு தனி விதிமுறையே கொண்டு வந்தது. யோசிச்சுப் பாருங்க: செத்தவங்க எண்ணிக்கை மாறவே இல்லை. ஒப்பிட்ட ஆளை மாத்தினதும் உண்மை வெளியே வந்துடுச்சு.

8/ அதனால அடுத்த தடவை கேளுங்க. அதிகம் புகை பட்டவரையும் குறைவா பட்டவரையும் தனித்தனியா பார்த்தீங்களா? உடம்பு முடியாம நின்னவர், ரிட்டயர் ஆனவர், கான்ட்ராக்ட் ஆள் எல்லாரும் கணக்குல இருக்காங்களா? எத்தனை வருஷம் பின்தொடர்ந்தீங்க?

9/ இதுக்குப் பதில் இல்லாத அறிக்கையைக் காட்டி, இருமிக்கிட்டு இருக்கிற தொழிலாளிக்கிட்ட "உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை"ன்னு சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது.