வர்த்தமானி எங்கே என்று கேட்கும் நாம்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் லயமே மகிழ்கிறது. சங்கமும் மாலை போட்டுப் பாராட்டுகிறது. பஸ் ஏற்றி அனுப்பியதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். போன இடத்தில் பிள்ளை எதை யாரிடம் கேட்டு அறிகிறது என்று நாம் விசாரிப்பதில்லை.

புதிதாகச் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவையும் சீனியர் அண்ணன், அக்காமாரையுமே நம்புகிறார்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் படித்த வீட்டில் பிழையான செய்தியைத் திருத்த ஆள் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு அந்த ஆள் இல்லை. மஹாபொல விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று குழுவில் யாரோ போட்டதை நம்பி முடிவுத் திகதியைத் தவறவிட்டால், மாதாமாதம் வரக்கூடிய உதவியே கைநழுவிப் போகலாம். நம் சம்பளத்தில் அதை ஈடுசெய்ய முடியுமா?

படிப்பிலும் இதே கதைதான். பாடசாலையில் ஆசிரியர் சொல்ல எழுதிய நோட்ஸே பாடம். அங்கேயோ விரிவுரையாளர் நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். அவற்றிலும் பல ஆங்கிலத்தில். தடுமாறும் பிள்ளை கூகுளில் முதலில் வருவதைப் பார்த்தெழுதி ஒப்படையைக் கொடுக்கிறது. அதைத் திருட்டு என்று கணிப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. நூலகத்தில் உதவி கேட்கவும் வெட்கம்.

சம்பளம் கூடிவிட்டது என்று பெரட்டில் யாராவது சொன்னால், வர்த்தமானி வந்ததா என்று கேட்பவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். யார் சொன்னது? எப்போது சொன்னது? மூல அறிவித்தல் எங்கே? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் பீடத்தின் அறிவித்தல் பலகையையும் பார்த்த பிறகே எதையும் நம்பட்டும். நூலகரிடம் கேட்பது பிச்சையல்ல, மாணவரின் உரிமை என்றும் சொல்லி அனுப்புவோம்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் ஒரு பிரதி இருக்க வேண்டும். நம் தோட்டங்களிலிருந்து படித்துப் பட்டம் பெற்றவர்கள் மாதத்தில் ஒரு நாளாவது அங்கு வந்து வழிகாட்ட வேண்டும். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், இந்த ஆண்டு உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைப்பதிலிருந்து இதைத் தொடங்குவோம்.