தண்டவாளம் போன பாதையில் பேருந்து வரட்டும். அது சேரியில் நிற்கட்டும்

எங்கள் விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்களால் தெரியும். ஒன்று பீங்கான், மற்றொன்று ஜங்ஷன். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. சேலம் பாதையும் கடலூர் பாதையும் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அகலப் பாதையாக மாறியதால் அவை பிழைத்துக்கொண்டன.

மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1926இல் தொடங்கிய அந்த ரயில் 1986இல் நிறுத்தப்பட்டது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகக் கடற்கரைவரை சென்ற சுமார் 30 கிலோமீட்டர் பாதை அது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. ஆனால் மாவட்டத் தலைநகரிலிருந்து தரங்கம்பாடி கடற்கரைக்கு இன்றும் ரயில் இல்லை.

ரயில் மீண்டும் வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. அது நியாயமானது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரு பொதுப் பாதை பயனின்றிக் கிடப்பதையும் ஏற்க முடியாது. ரயில் வரும்வரை அந்தத் தடத்தைப் பேருந்துக்கு மட்டுமான பாதையாக ஏன் மாற்றக்கூடாது?

இது கற்பனை அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், 1970இல் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்ட செயின்ட் ஐவ்ஸ் பாதையில் 2011 முதல் பேருந்துகள் ஓடுகின்றன. பக்கத்திலேயே மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் தனிப் பாதை உண்டு. ஜப்பானில் 2011 சுனாமி கெசன்னுமா ரயில் பாதையை அழித்தபோது, அடுத்த ஆண்டே அந்தத் தடத்தில் பேருந்து விட்டார்கள். ஒற்றைத் தடம்தான். எதிரில் வரும் பேருந்துக்கு விலகி நிற்க ஆங்காங்கே இடம் விட்டால் போதும். நம் பழைய மீட்டர் கேஜ் மேட்டுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். காவிரிக் கடைமடை என்பதால் வாய்க்கால் பாலங்களையும் மதகுகளையும் அடைத்துவிடாமல் கட்ட வேண்டும், அவ்வளவே.

பொறியாளர்களின் கேள்வி இதோடு முடிந்துவிடும். நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பேருந்து எங்கே நிற்கும்?

தமிழ்நாட்டில் பேருந்து ஒருபோதும் வெறும் வாகனமாக இருந்ததில்லை. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகள் ஓடிய மண் இது. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்ட பிறகே அங்கே கதவு திறந்தது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்கச் சாதி. கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. பேருந்து நிற்காத ஒரு கிராமத்தின் கோபத்தை 2021இல் ‘கர்ணன்’ திரையில் காட்டியபோது நாம் ஏன் அவ்வளவு கொதித்தோம்? அது நமக்குத் தெரிந்த கதை என்பதால்தான்.

சாலை ஊரின் நடுவே போகிறது. நிறுத்தமும் ஊரின் பெயரில், ஊர்க்காரர்களின் கடைவாசலில் இருக்கிறது. சேரிப் பிள்ளைகள் ஊர்த் தெருவைக் கடந்து வந்துதான் பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டும். காலணி, மிதிவண்டி, சட்டை நிறம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு பார்வை காத்திருக்கிறது. ரயில் பாதை பெரும்பாலும் ஊர்த் தெருவுக்குள் நுழைவதில்லை. அது வயல்வெளியில், ஊரைத் தொட்டும் தொடாமலும் போகிறது. சேரியும் பல இடங்களில் அந்தப் பக்கம்தான் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எனவே அந்தத் தடத்தில் ஓடும் பேருந்துக்குச் சேரியருகே நிறுத்தம் வைப்பது எளிது. யாருடைய தெருவையும் கடக்காமல் ஒரு பெண் கல்லூரிக்குப் போய்வர முடியும் என்றால், அது போக்குவரத்துத் திட்டம் மட்டுமல்ல.

பேருந்துக்குத் தனிப் பாதை என்றாலே எதிர்ப்பு வரும். தில்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பேருந்துத் தடம் அமைத்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் கொந்தளித்தார்கள். காரில் போகிறவர்களே நாட்டின் செல்வத்தை உருவாக்குபவர்கள் என்ற தொனியில் உயர் நீதிமன்றத்தில் வாதமே வைத்தார்கள். 2012இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் அந்தத் தடம் இடித்து அகற்றப்பட்டது. வழக்கில் வென்ற பேருந்துப் பயணி சாலையில் தோற்றார். பயனற்ற ரயில் தடத்தில் இந்தச் சண்டை குறைவு, ஏனென்றால் யாருடைய காருக்கும் அங்கே இடம் பறிபோகவில்லை. ஆனால் தார் போட்ட மறுநாளே ‘எல்லா வண்டிக்கும் திறந்துவிடுங்கள்’ என்ற குரல் எழும். அதற்கு இப்போதே தயாராக வேண்டும்.

ஆகவே நம் நிபந்தனைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகமே இயக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் கிடைக்கிறது. தனியார் மினி பஸ்ஸில் கிடையாது. ஓட்டுநர், நடத்துநர் பணிகளில் இடஒதுக்கீடு அரசு நிறுவனத்தில்தான் உண்டு. தனியாரிடம் கொடுத்தால் இரண்டும் போச்சு.

நிறுத்தங்கள் எங்கே என்பதைச் சேரி மக்களும் அமர்ந்து பேசும் கிராம சபையில் முடிவு செய்ய வேண்டும். அம்பேத்கர் நகர் என்றால் பலகையிலும் அம்பேத்கர் நகர் என்றே எழுத வேண்டும்.

கைவிடப்பட்ட பொது நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர் பெரும்பாலும் நிலமற்றவர். அதே பகுதியில் பட்டாவும் வீடும் கொடுக்காமல் ஒரு குடிசையையும் தொடக்கூடாது. சமூகநீதிப் பேருந்து இன்னொரு சேரியின் மேல் ஏறி வரக்கூடாது.

நிலம் ரயில்வேயுடையது, பேருந்து மாநிலத்தினுடையது. இரண்டு அரசும் போடும் ஒப்பந்தத்தில் நிலத்தை விற்கவோ வணிகக் கட்டடம் கட்டவோ தடை இருக்க வேண்டும். ரயிலுக்கான உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். கெசன்னுமாவில் தற்காலிகம் என்று வந்த பேருந்தே பின்னர் நிரந்தரமாகிவிட்டது. அந்தப் பாடம் நமக்கும் தேவை.

இந்த ஊரிலும் அந்தி சாயும் நேரத்தில் வேலை முடித்த பெண்கள் பேருந்துக்காக நிற்பதைப் பார்க்கிறேன். கைகளில் களிமண் காய்ந்திருக்கும். நகரப் பேருந்து வந்தால் காசில்லாமல் வீடு சேரலாம், வராவிட்டால் அன்றைய கூலியில் ஒரு பங்கு ஷேர் ஆட்டோவுக்குப் போகும். மயிலாடுதுறைப் பக்கம் வயலிலிருந்து திரும்பும் பெண்ணின் கணக்கும் இதுவாகத்தான் இருக்கும். நாற்பது ஆண்டுகளாகச் சும்மா கிடக்கும் ஒரு பாதை அவருடையது. அவர் வாசலருகே நிற்கும் ஒரு பேருந்தைக் கேட்பது பெரிய கோரிக்கையே அல்ல, தோழர்களே. கேட்காமல் இருந்ததுதான் நம் தவறு.