வரப்போடு நிற்காத மருந்து

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கப்படும் பூச்சிமருந்து அந்தந்த வயலோடு தீர்ந்துவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. மருந்து இலையில் ஒட்டிக்கொள்ளும், கீழே விழுந்ததைக் கரிசல் மண் பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை வெயில் தீர்த்துவிடும் என்பார்கள். மூன்றுமே அரைகுறை உண்மைகள்.

தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. 20 மைக்ரான் அளவுள்ள துளி பத்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றே அதை அதற்குள் ஆயிரம் அடி தள்ளிக்கொண்டு போய்விடும். முதலில் அகப்படுபவர் மருந்து அடிப்பவர்தான். 2017இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் சிலர் அந்த நஞ்சு தாக்கி இறந்தனர். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் இருபதுக்கும் மேற்பட்டோர் இப்படி மாண்டனர்.

கரிசல் பற்றிய வாதம்தான் வலுவானதாகத் தோன்றும். களிமண் சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை இறுகப் பிடித்துக்கொள்வது உண்மையே. ஆனால் கனமழையில் அந்த மண்ணே கரைந்து ஓடுகிறது. கலங்கல் நீரோடு மருந்தும் ஓடை வழியே ஏரிக்குப் போகிறது. சைபர்மெத்ரின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட் போன்றவையோ மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் நீரில் கரைபவை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில், முதல் மழை அந்த வெடிப்புகள் வழியே நேராகக் கீழே இறங்கும். மேல்மண்ணில் வடிகட்டப்படுவதற்கு நேரமே இல்லை. போதாக்குறைக்கு, மானாவாரிப் பருத்தி பூத்துக் காய்பிடிக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. மருந்து அதிகம் விழும் வாரங்களே மழையும் அதிகம் விழும் வாரங்கள்.

வெயிலும் நுண்ணுயிர்களும் மருந்தைச் சிதைக்கும்தான். சிதைந்தால் நஞ்சு போய்விடும் என்பதில்லை. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து மண்ணில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறுகிறது. அது தாய்ப்பொருளுக்குக் குறையாத நஞ்சு, அதைவிட நெடுநாள் தங்குவது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் தடை விதித்தது.

தெளிப்பானை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவினால் மழைகூடத் தேவையில்லை, மருந்து நேரே தண்ணீரில் சேர்ந்துவிடும்.

இப்பகுதியில் வயலைச் சுற்றி வெறும் தரை மட்டும் இல்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம். 2024இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழை மூட்டத்திலும் காற்று நாளிலும் மருந்து அடிக்காமல் இருப்பதும், ஓடையை ஒட்டிப் புல்வரப்பு விடுவதும் செலவில்லாத வேலைகள். விவசாயிகள் இந்தப் பருவத்திலேயே அவற்றைத் தொடங்கலாம்.